70 வளைவும் ஏறித்தான் தீர வேண்டும்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு மடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. எழுதியவர் ஓர் இளம் தாய். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை.

"என் மகனுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகச் சொல்லத் தெரியவில்லை. 'நீ பழக்கின லட்சணம்' என்கிறார் என் மாமியார். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று நான் வெளியே போய் இரண்டு வருஷமாகிறது. அடித்தும் பார்த்துவிட்டேன் அம்மா. அடித்துவிட்டு நானே அழுகிறேன். ஏதாவது வழி உண்டா?"

வழி உண்டு, மகளே. ஆனால் குறுக்கு வழி இல்லை. வற்றல், வடகம், கை வைத்தியம் என்று எழுதும் இந்தப் பகுதியில் கக்கூஸ் விஷயமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதை வெளியே சொல்ல முடியாமல் எத்தனை தாய்மார் கதவைச் சாத்திக் கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள் தெரியுமா? என் மகளும் அப்படிக் கிடந்தவள்தான். அவள் கதையையே சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

மலை மேல் ஒரு வீடு

என் மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். சில வருஷங்களுக்கு முன்னால் கொல்லிமலைக்கு மாற்றல் ஆயிற்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை போனபோது பத்தாவது வளைவிலேயே எனக்குத் தலை சுற்றி, கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்து கொண்டே போனேன். மேலே போய்விட்டால் சொர்க்கம்தான். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, வீட்டுக்கு வீடு பலா. செம்மேட்டுக்குப் பக்கத்தில், மலைவாழ் மக்கள் குடும்பம் ஒன்றின் தோட்டத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு. எல்லா வசதியும் உண்டு. கழிப்பறை மட்டும் வீட்டுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, தகரக் கதவு போட்டு.

பேரனுக்கு மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். பேச்சு நாலைந்து வார்த்தைதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காப்பிக் கொட்டையை வாசலிலிருந்து அடுப்படி வரை ஒரே வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் வீடு இரண்டுபடும். டார்ச் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதில் அத்தனை ஆனந்தம்.

நாலரை வயதாகியும் டயப்பர்தான். அதைக் கழற்றிவிட்டால் ஜட்டியிலேயே போய்விடுவான். ரெண்டுக்கு வந்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒளிந்து நிற்பான். மார்கழி மாசத்தில் அந்த மலையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. வீட்டுக்குள்ளே கொடி கட்டி, அடுப்புச் சூட்டில் உலர்த்திக் கொண்டிருந்தாள் என் மகள். பிறந்த வீட்டுக்கு வரச் சொன்னால், "70 வளைவு அம்மா, பஸ்ஸில் போய்விட்டால் என்ன செய்வேன்?" என்பாள். உள்ளூரிலேயே ஆடிப் பதினெட்டையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட அவள் போனதில்லை.

போதாக்குறைக்கு, சேர்க்கக் கூட்டிக் கொண்டு போன ஒரு பள்ளிக்கூடத்தில், "முதல்ல கக்கூஸ் போகப் பழக்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் செய்த தப்பு

அந்த மார்கழியில் நான் மலையேறினேன். "மூணு பிள்ளைகளை வளர்த்தவடி நான். ஒண்ணரை வயசிலே எல்லாம் சொல்லிவிட்டுப் போகும். ஒரு வாரம் எங்கிட்டே விடு" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

காலையில் எழுந்ததும் அவனைத் தூக்கிக் கொண்டு போய் உட்கார வைத்தேன். கத்தினான். கதவைச் சாத்தினேன். இன்னும் கத்தினான். அரை மணி நேரம் பிடித்து அழுத்தி உட்கார வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே தூக்கி வந்த மறுநிமிஷம் என் புடவையிலேயே போனான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்கு ஆத்திரம். தொடையில் இரண்டு வைத்தேன். அவன் தன் கையையே கடித்துக் கொண்டான்.

மூன்று நாள் இந்தக் கூத்து. நாலாம் நாள் முதல் அவன் ரெண்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். வயிறு கல்லு மாதிரி ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை. "வெற்றிலைக் காம்பிலே விளக்கெண்ணெய் தடவி வைக்கட்டுமா?" என்று நான் கிளம்ப, என் மகள் என் கையைப் பிடித்துக் கொண்டாள். "போதும் அம்மா. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான்.

அன்றைக்கே கீழே இறங்கிக் குழந்தை டாக்டரிடம் போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இடையில் ஜட்டியில் தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சம் கசிந்ததா?"

"ஆமாம் டாக்டர். பேதி என்று நினைத்துக் கஞ்சி மட்டும் கொடுத்தோம்."

"பேதி இல்லை அம்மா. மலம் உள்ளே இறுகிப் போயிருக்கு. அதைச் சுற்றிக் கொண்டு இளகினது கசியுது. அது வருவது அவனுக்கே தெரியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல் ரொம்ப சகஜம். முதலில் இதைச் சரி பண்ணுவோம். வலியில்லாமல் போக ஆரம்பிக்கிற வரைக்கும் பழக்குகிற பேச்சே வேண்டாம்."

மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவன் போகவில்லை, போகவில்லை என்கிறீர்களே, ஏன் போகவில்லை என்று பார்த்தீர்களா?"

மூன்று பிள்ளை பெற்றவளுக்குப் பதில் தெரியவில்லை.

ஏன் போகவில்லை?

மற்றக் குழந்தைகள் நம்மைப் பார்த்துத் தாமாகவே கற்றுக் கொள்கின்றன. 'அக்கா போகிறாள், நானும் போகிறேன்' என்று வரும். 'சமர்த்து' என்று அம்மா சொன்னால் அதற்காகவே மறுபடி செய்யும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த இரண்டு படியுமே வழுக்கும். பார்த்துச் செய்வதும் கடினம். நம் பாராட்டு ஒரு பரிசாகவும் படுவதில்லை.

இன்னொன்று, மூத்திரப்பை நிரம்பியதை வயிற்றுக்குள் உணர்வது. நமக்கு 'முட்டுகிறது' என்று தெரிகிறது. இந்தக் குழந்தைகள் பலருக்கு அந்தச் சேதி தாமதமாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. நனைந்த பிறகும் சில குழந்தைகளுக்கு அது உறைப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, வெளியே இருப்பதெல்லாம் அளவுக்கு மேல் உறைக்கும். ஃபிளஷ் சத்தம், பினாயில் நெடி, காலில் படும் ஈரம், குழியைப் பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்கிற பயம். நமக்குச் சின்ன விஷயம்; அவர்களுக்கு ஊசி குத்துகிற மாதிரி.

கடைசியாக, பழக்கம். ஐந்து வருஷமாக டயப்பரில் போனவனுக்கு அதுதான் முறை. திடீரென்று அதை மாற்றச் சொன்னால், நம்மை நடுக்கூடத்தில் உட்காரச் சொன்ன மாதிரிதான் அவனுக்கு.

ஆகவே பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. வளர்ப்புக் குற்றமும் இல்லை. கடிதம் எழுதிய சகோதரி இதை இரண்டு தரம் படிக்க வேண்டும். 1943ல் லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் இன்றைய பொருளில் உலகுக்குத் தெரிய வந்தது. பிறகு, தாயிடம் பாசம் போதாததால்தான் இது வருகிறது என்று ஒரு கட்சி கிளம்பியது. 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே போட்டார். எத்தனை தாய்மார் அதைப் படித்து நொந்தார்களோ! அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1964ல், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று எழுதிவிட்டார். அவர் சொன்னதுதான் நின்றது. தாயைக் குற்றம் சொன்ன கட்சி தோற்று எத்தனையோ காலமாகிவிட்டது. நம் வீட்டு மாமியார்களுக்கும் அம்மாயிகளுக்கும்தான் சேதி இன்னும் வரவில்லை!

நோட்டுப் புத்தகம் சொன்ன கதை

வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியை வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தார். சின்னப் பெண். வந்தவர் முதல் நாள் எதையும் பழக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

"அக்கா, ஒரு வாரம் இதில் எழுதுங்க. எப்போ சாப்பிட்டான், எப்போ தண்ணி குடிச்சான், எப்போ நனைச்சான், எப்போ ஆய் போனான், எங்கே நின்னான், முகம் எப்படி இருந்தது, எல்லாம்."

என் மகள் எழுதினாள். வாரம் முடிந்து பார்த்தால் ஆச்சரியம். கண்டபடி போகிறான் என்று நினைத்திருந்தோமே, கண்டபடி இல்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு ஒரு தடவை நனைக்கிறான். காலைப் பலகாரம் ஆகி அரை மணிக்குள் பீரோ சந்துக்குப் போகிறான். இது எல்லோருக்கும் பொதுவான உடம்பு வேலைதான்: இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும்.

சரி, நேரம் தெரிந்தது. கழிப்பறைக்குள் ஏன் கத்துகிறான்? இதைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, ஆசிரியையும் இல்லை, நானும் இல்லை. வீட்டுக்கார அம்மாள். மிளகு உலர்த்திக் கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "தண்ணி சில்லுன்னு இருக்குதுல்ல அக்கா. மார்கழியிலே எங்க பிள்ளைகளே கத்தும். அதுவும் அந்தத் தகரக் கதவு காத்துலே டமார் டமார்னு அடிக்குது, பெரியவங்களுக்கே தூக்கிப் போடும்."

நானும் என் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். சமையல் அறையில் டம்ளர் விழுந்தாலே காதைப் பொத்திக் கொள்கிற பிள்ளை அவன்!

முதலில் அறையைப் பழக்கினோம்

மறுநாளே மாப்பிள்ளை கதவுக்குக் கொக்கி போட்டு, சட்டத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். சத்தம் நின்றது. உள்ளே ஒரு பல்பு. தரையில் ரப்பர் மிதியடி. சுவரில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பி, குந்தி உட்காரும்போது விழாமல் இருக்க. கால் கழுவ எப்போதும் வெதுவெதுப்பான தண்ணீர், கையை விட்டுப் பார்த்த பிறகுதான்.

அதன் பிறகு அவனுக்குப் பழக்கம். ஒரு வாரம் சும்மா உள்ளே போய்விட்டு வருவது, அவ்வளவுதான். அடுத்த வாரம் டிராயரோடு குந்தி, பத்து எண்ணும் வரை. பிறகு டிராயரைக் கழற்றிவிட்டு. பிறகு இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் எந்த நாளும் இல்லை. அழுதால் அன்றைக்கு அதோடு சரி.

ஆசிரியை ஆறு படம் வரைந்து சுவரில் ஒட்டினார்: டிராயரைக் கழற்று, உட்கார், போ, கழுவு, டிராயர் போடு, கை கழுவு. காதில் வாங்காதவன் கண்ணால் வாங்கினான். வீட்டில் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிக் கொண்டிருந்தோம். நான் 'வெளிக்கு', மாப்பிள்ளை 'டாய்லெட்', மகள் 'கக்கூஸ்'. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த அறைக்கு 'கக்கூஸ்' என்று ஒரே பெயர் வைத்தோம்.

பரிசு? மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம், சீந்தவில்லை. டார்ச் லைட் அவன் உயிர் ஆயிற்றே! அதை ஒரு பையில் போட்டுக் கழிப்பறை ஆணியில் மாட்டினாள் என் மகள். உள்ளே ஒண்ணுக்குப் போனால் அந்த நிமிஷமே கையில் டார்ச், இரண்டு நிமிஷத்துக்கு. மற்ற நேரத்தில் கிடையாது.

ஒன்றேகால் மணிக்கு ஒரு தடவை நனைக்கிறான் அல்லவா? ஒரு மணிக்கு ஒரு தடவை கூட்டிக் கொண்டு போனாள். பகலில் டயப்பரை நிறுத்திவிட்டோம். வழியில் நனைத்துவிட்டால், "ஈரமாயிடுச்சு. கக்கூஸுக்குப் போகலாம்", இந்த இரண்டு வார்த்தைதான். திட்டும் இல்லை, அடியும் இல்லை, புலம்பலும் இல்லை. எனக்கு வாயை அடக்குவதுதான் பெரிய பயிற்சியாக இருந்தது!

பதினோராம் நாள் முதன்முதலாக உள்ளே ஒண்ணுக்குப் போனான். ஒருநாள் போவான், நாலு நாள் போக மாட்டான். பகலில் நனையாமல் இருக்க மூன்றரை மாசமாயிற்று. இடையில் காய்ச்சல் வந்து எல்லாம் பழையபடி ஆகி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். ரெண்டுக்கு இன்னும் தாமதம். அதற்கு அவன் டயப்பரைத்தான் கேட்டான். "பரவாயில்லை அக்கா, டயப்பரைப் போட்டே கக்கூஸுக்குள் நிற்கட்டும்" என்றார் ஆசிரியை. நின்றான். பிறகு டயப்பரோடு குந்தினான். பிறகு டயப்பரைக் கட்டாமல் அடியில் விரித்து வைத்தோம். பிறகு அதையும் எடுத்தோம். மொத்தம் ஏழு மாசம்.

அந்த ஏழாம் மாசத்தில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. நான் பலாக்கொட்டை உரித்துக் கொண்டிருக்கிறேன். அவன் எழுந்து சுவரண்டை போனான். படத்தில் 'உட்கார்' என்று இருந்ததைப் பிய்த்து எடுத்து வந்து என் மகள் கையில் வைத்தான். யாரும் கூப்பிடவில்லை, மணியும் ஆகவில்லை. அவனே கேட்டான். பேச்சில்லாத பிள்ளை, படத்தால் கேட்டுவிட்டான்.

அவள் குடையைக் கூட எடுக்காமல் அவனைக் கூட்டிக் கொண்டு மழையில் ஓடினாள். நான் இங்கே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

கதை போதும், காரியத்துக்கு வருகிறேன்.

1. முதலில் டாக்டர். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பூச்சித் தொந்தரவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வலி இருக்கும் வரை எந்தப் பழக்கமும் ஏறாது. டாக்டர் சொல்லாமல் சோப்பு, காம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். மலம் இளக்கும் மருந்தைச் சில குழந்தைகளுக்கு மாசக் கணக்கில் தர வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

2. ஒரு வாரம் எழுதுங்கள். நேரம் தெரியாமல் பழக்குவது, பஸ் நேரம் தெரியாமல் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி.

3. தண்ணீரைக் குறைக்காதீர்கள். 'நனைக்கிறானே' என்று குடிக்கக் கொடுக்காமல் இருந்தால் மலம் இறுகும். பழம், கீரை, காய், சாமை, கேழ்வரகு எதை ஏற்கிறானோ, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சில பிள்ளைகள் நாலு பண்டம் தவிர எதையும் தொடாது; பலவந்தம் வேண்டாம்.

4. பயம் எது என்று கண்டுபிடியுங்கள். சத்தமா, நெடியா, ஈரமா, இருட்டா, உயரமா? மேல்நாட்டுக் கழிப்பறையானால் கால் தொங்காமல் அடியில் முக்காலி. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் பயமென்றால் முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

5. பையன்களும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். நின்று போவதை அப்புறம் அப்பா கற்றுக் கொடுக்கலாம்.

6. இலாஸ்டிக் டிராயர் போடுங்கள். பட்டன், ஜிப், நாடா எல்லாம் பிறகு.

7. பரிசு அவனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும், வேறு நேரத்தில் கிடைக்கக் கூடாது.

8. வீட்டில் பழகினதைப் பள்ளியிலும் பாட்டி வீட்டிலும் தானாகச் செய்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே மறுபடி ஒருமுறை பழக்க வேண்டும். அதே படங்களை எடுத்துக் கொண்டு போங்கள்.

9. இரவு கடைசியில். பகலில் நன்றாகப் பழகிப் பல மாசம் கழிந்தும் இரவில் நனைக்கலாம். தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை.

10. கதவைச் சாத்திக் கொள்ளவும், அறைக்கு வெளியே வரும்முன் டிராயர் போடவும் முதல் நாளே சேர்த்துப் பழக்குங்கள். கழுவிவிடுவது யார் யார் என்பதையும் வரையறுத்து வையுங்கள். வாய் பேசாத குழந்தைக்கு இதுவும் ஒரு காவல். பெண் குழந்தைகளுக்குப் பருவம் வருவதற்கு வெகு முன்பே இது படிந்துவிடுவது நல்லது.

'ஒரே நாளில் பழக்கலாம்' என்று யாராவது சொன்னால்? 1971ல் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அரசு விடுதி ஒன்றிலிருந்த அறிவு வளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்குச் சில நாட்களிலேயே பழக்கிக் காட்டினார்கள். 1974ல் சாதாரணக் குழந்தைகளுக்கு 'ஒரு நாளுக்குள்' என்று புத்தகமும் எழுதினார்கள். நேரப்படி உட்கார வைப்பது, உடனே பரிசு கொடுப்பது எல்லாம் அவர்கள் பலப்படுத்திய முறைதான். ஆனால் அதில் கண்டிப்பும் தண்டனையும் கலந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். நாளை எண்ணாதீர்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

சகோதரிகளே, இது தர்மம் கேட்பதில்லை, உரிமை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு உதவி பெறும், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 'டயப்பர் போடுகிறவன்' என்று திருப்பி அனுப்பினால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்.

மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை வாங்கி வையுங்கள். 1999ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பெற்றோருக்கும் வழிகாட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியை யார் என்று விசாரியுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

இப்போது

பேரனுக்கு இப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிறான். பையில் ஆறு படம், மாற்று டிராயர் இரண்டு. வாரத்துக்கு ஒருநாள் நனைத்துக் கொண்டு வருவான். இரவில் இன்னும் டயப்பர்தான். பேச்சு அப்படியேதான் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த ஆடிப் பதினெட்டுக்கு என் மகள் புதுப் புடவை கட்டிக் கொண்டு, அவனைக் கையில் பிடித்துக் கொண்டு, வல்வில் ஓரி விழாவுக்குப் போனாள். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போனோம். போகிற இடத்திலெல்லாம் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து, அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் மறு வேலை. தோளில் தொங்கிய பையில் ஃபிளாஸ்கில் வெந்நீரும் டார்ச் லைட்டும். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தவள், "அம்மா, நான் ராட்டினம் கூடப் பார்த்தேன்" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி.

ஆகவே, கடிதம் எழுதிய மகளே! நாளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. அடித்ததை நினைத்து அழுது கொண்டிருக்காதே, நானும் அடித்தவள்தான். அவன் கோபம் வைத்திருக்கவில்லை. இன்றைக்கும் நான் மலையேறிப் போனால், கட்டிலில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காப்பிக் கொட்டையை அடுக்குகிறான்.

மேலே போக 70 வளைவு. ஒன்றைக் கூடத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றாகத் திரும்பினால் வண்டி மேலே போய்த்தான் சேரும்.

உன் நோட்டில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுது. காத்திருக்கிறேன்.